அரோமடேஸை முடுக்குவது புற்றுச் செல்லா, அதன் அண்டைச் செல்லா?

கேள்வி: 2 பிப்ரவரி

மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அதன்பிறகு மார்பகப் புற்றுச் செல் தன்னுள் இருக்கும் அரோமடேஸ் மரபணுவைத் தானே முடுக்கி, தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே செய்துகொள்கிறது. லெட்ரோசோல் என்ற மருந்து அந்தச் செல்லுக்குள் போய் அதை அணைக்கிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். இதில் பிழை உண்டா?

2 பிப்ரவரி, இரவு

பிழை உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் இந்த நொதியோடு ஆய்வகத்தில் பழகியவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அரோமடேஸ் என்பது ஆண்ட்ரோஜன்களை ஈஸ்ட்ரோஜன்களாக மாற்றும் நொதி. ஆண்ட்ரோஸ்டீன்டையோனை ஈஸ்ட்ரோனாகவும், டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரடையாலாகவும் அது மாற்றுகிறது. அதற்கான மரபணு சிஒய்பி19ஏ1. இருப்பிடம் 15ஆம் குரோமோசோம். இந்த மரபணுவின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,23,000 கார இணைகள். அவற்றில் புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் பகுதி சுமார் 30,000 மட்டுமே. மீதி 93,000 முழுவதும், எந்தத் திசுவில் எப்போது எந்த அளவில் இந்த நொதி உருவாக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் தொடக்கப்பகுதிகள் சிதறிக் கிடக்கும் வெளி. நஞ்சுக்கொடிக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, கொழுப்புக்கும் தோலுக்கும் ஒன்று, சினைப்பைக்கு ஒன்று எனத் தொடக்கப்பகுதிகள் வேறுபடுகின்றன. எந்த இடத்திலிருந்து படி எடுக்கத் தொடங்கினாலும், முதல் எக்ஸான் (படியில் இடம்பெறும் மரபணுத் துண்டு) மட்டும் மாறி, பிறகு எல்லாம் ஒரே இடத்தில் வந்து இணைகின்றன. அந்த முதல் எக்ஸான் புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதி என்பதால், 503 அமினோ அமிலங்கள் கொண்ட அதே புரதம்தான் எல்லாத் திசுக்களிலும் உருவாகிறது. பல வாயில்கள் உள்ள ஒரே வீடு என்று கொள்ளலாம். எந்த வாயில் வழியாக நுழைகிறார்கள் என்பதைப் பார்த்தால் யார் அழைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

நோயற்ற மார்பகத்தின் கொழுப்புத் திசுவில் 1.4 என்ற தொடக்கப்பகுதியே பெரும்பாலும் மெல்ல இயங்கிக்கொண்டிருக்கிறது. கட்டி உண்டானபின், அதைச் சுற்றியுள்ள திசுவில் 1.3, 2 ஆகிய தொடக்கப்பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. இவற்றில் 2 என்பது சினைப்பை பயன்படுத்தும் அதே வாயில். இதை எழுப்புகிறவற்றுள் முதன்மையானது, புற்றுச் செல்களும் அழற்சிச் செல்களும் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற அழற்சிச் செய்திப்பொருள். அது அருகிலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்த்திசுவை உருவாக்கும்) செல்லின் ஏற்பியில் பொருந்தி, அந்தச் செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழற்சி ஏஎம்பியின் அளவை உயர்த்துகிறது. அதன் விளைவாக புரதக் கைனேஸ் ஏ தூண்டப்பட்டு, சிஆர்இபி என்ற காரணிப் புரதம் தொடக்கப்பகுதி 2-இல் அமர்கிறது. கேள்வியில் உள்ள படத்தில் விடுபட்டிருப்பது இந்த அண்டைச் செல்தான். புற்றுச் செல் கேட்கிறது. பெருமளவில் சமைத்துக் கொடுப்பது பக்கத்துச் செல்.

3 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் ஒரு குறை. வாயில் மாறுவதை மட்டும் சொல்லி, சமைத்துக் கொடுக்கும் செல்களின் எண்ணிக்கை கூடுவதைச் சொல்லாமல் விட்டேன். கட்டி தன்னைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்டுகள் கொழுப்புச் செல்களாக முதிர்வதைத் தடுக்கிறது. கட்டி நசிவுக் காரணி ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின் 11-உம் இந்தத் தடையில் பங்கு வகிக்கின்றன. அரோமடேஸை அதிகம் உற்பத்தி செய்பவை முதிராத ஃபைப்ரோபிளாஸ்டுகளே. முதிர்ந்த கொழுப்புச் செல்களில் அது குறைவு. ஆகவே ஒரு செல்லுக்கான உற்பத்தியும் உயர்கிறது, உற்பத்தி செய்யும் செல்களும் பெருகுகின்றன. கட்டியைத் தொட்டால் கல்லைப் போல இருப்பதற்கும் நெருக்கமாக அடைந்துகிடக்கும் இந்த நார்த்திசு ஒரு காரணம்.

5 பிப்ரவரி

"நான் பயன்படுத்தும் எம்சிஎஃப்-7 செல்களில் டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் வளர்ச்சி தெரிகிறதே, அப்படியானால் அரோமடேஸ் அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்றுதானே பொருள்?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். எம்சிஎஃப்-7 என்பது ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஒரு மார்பகப் புற்றுச் செல் வழி. இந்தக் கேள்விக்கு என் வாழ்க்கையில் மூன்று மாதங்களை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

ஆய்வைத் தொடங்கிய ஆண்டில் இதே சோதனையைத்தான் நானும் செய்தேன். டெஸ்டோஸ்டீரோன் சேர்த்த குழிகளில் (வளர்ப்புத் தட்டின் சிறு கிண்ணங்களில்) செல்கள் வளர்ந்தன. ஒன்றும் சேர்க்காத குழிகளிலும் ஏறக்குறைய அதே அளவு வளர்ந்தன. பிழை என் கையில் இருக்கிறதென்று நினைத்து எண்ணிக்கையை மறுபடி மறுபடி எடுத்தேன். வளர்ப்பு ஊடகத்தின் இளஞ்சிவப்பு நிறத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த நிறத்தைத் தருவது எது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அமிலத்தன்மையைக் காட்டச் சேர்க்கப்படும் பீனால் சிவப்பு, ஈஸ்ட்ரோஜன் போல் செயல்பட்டு எம்சிஎஃப்-7 செல்களைத் தூண்டும் என்று 1986-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வந்திருந்தது. மூத்த ஆய்வாளர் ஒருவர் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஊடகத்தின் பெயரை மட்டும் விரலால் சுட்டிக்காட்டினார். நிறமற்ற ஊடகத்துக்கு மாறி, கரித்தூளால் ஸ்டீராய்டுகளை அகற்றிய சீரத்தை (செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் இரத்தத் தெளிநீரை) பயன்படுத்திய பிறகுதான் கட்டுப்பாட்டுக் குழிகள் அமைதியடைந்தன. டெஸ்டோஸ்டீரோன் குழிகளில் நான் பெரிதாக நம்பியிருந்த வளர்ச்சியும் கூடவே மறைந்துபோனது.

எம்சிஎஃப்-7 செல்களில் இயல்பாக இருக்கும் அரோமடேஸ் மிகமிகக் குறைவு. அதனால்தான் அரோமடேஸ் தடுப்பான்களைச் சோதிப்பதற்காக, அந்த மரபணுவை வெளியிலிருந்து செலுத்திய தனி எம்சிஎஃப்-7 வழியை உருவாக்க வேண்டியிருந்தது. உங்கள் குழிகளில் வளர்ச்சி தெரிந்தால், லெட்ரோசோல் சேர்த்த ஒரு வரிசையையும் வையுங்கள். அப்போதும் வளர்ச்சி குறையவில்லை என்றால் அது அரோமடேஸின் வேலை அன்று. நேரடியாக அளக்க விரும்பினால், முதல் கார்பனில் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய ஆண்ட்ரோஸ்டீன்டையோனைக் கொடுத்து, வினையின்போது வெளியேறும் டிரிட்டிய நீரை எண்ணும் பழைய முறையை இன்றும் நான் நம்புகிறேன். நஞ்சுக்கொடிப் புற்றிலிருந்து வந்த ஜெஈஜி-3 செல்களை உடன் வைத்தால், சோதனை வேலை செய்கிறதா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

5 பிப்ரவரி, சற்றுப் பின்

மேலே பீனால் சிவப்பு என்று எழுதியதைத் திருத்த வேண்டும். செயல்படுவது அந்தச் சாயம் அன்று. சாயத் தயாரிப்பில் கலந்திருக்கும் ஒரு மாசு என்று சில ஆண்டுகளிலேயே பிரித்துக் காட்டினார்கள். வேறு வேறு தொகுதிகள் வேறு வேறு முடிவுகளைத் தந்ததற்கு இதுவே விளக்கம்.

6 பிப்ரவரி

சீரம் என்று எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மார்பகக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஃபைப்ரோபிளாஸ்டுகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்தைக் கொடுத்தால் அரோமடேஸ் பல மடங்கு உயரும் என்று படித்திருந்தேன். சீரம் இல்லாத ஊடகத்தில் கொடுத்துப் பார்த்தபோது ஏதும் நிகழவில்லை. சீரம் சேர்த்ததும் உயர்ந்தது. சீரத்தில் இருந்தது என்ன என்ற கேள்வியைத்தான் என் துறையின் முன்னோடிகள் ஏற்கெனவே விடுவித்திருந்தார்கள்: இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 11, ஆன்கோஸ்டாட்டின் எம் போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்கள்) சீரத்தின் இடத்தை நிரப்பக்கூடியவை. தொடக்கப்பகுதி 1.4 திறக்க குளுக்கோகார்ட்டிகாய்டும் வேண்டும், சைட்டோகைனும் வேண்டும். இரண்டு சாவிகள் சேர்ந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

அதே செல்களுக்கு டெக்ஸாமெத்தசோனுக்குப் பதிலாகச் சுழற்சி ஏஎம்பியை உயர்த்தும் பொருளைக் கொடுத்தபோது, 1.4 அடங்கி 2 எழுந்தது. ஒரே நோயாளியின் திசு, ஒரே நாளில் பிரித்த செல்கள், பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள். அன்று முதல், மொத்த அரோமடேஸ் செய்தியை (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்என்ஏ படியை) மட்டும் அளந்து "உயர்ந்தது" என்று எழுதும் கட்டுரைகளை நான் அரைமனத்தோடுதான் படிக்கிறேன். முதல் எக்ஸானைத் தனித்தனியாக அளக்காவிட்டால், உயர்த்தியது யார் என்பது தெரியாமலே போய்விடும்.

9 பிப்ரவரி

வாயில் எதுவாக இருந்தால் என்ன, மருந்து நொதியையே தடுத்துவிடுகிறதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்கு நெருக்கமான ஒரு தோழிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயதில் கீமோதெரபி முடிந்தது, மாதவிடாய் நின்றுவிட்டது. நின்றே போயிற்று என்று கருதி, அவர் சென்ற மருத்துவமனையில் அரோமடேஸ் தடுப்பானை மட்டும் கொடுத்தார்கள். ஏழாவது மாதத்தில் உதிரப்போக்கு வந்தது. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, நடந்ததை ஒரு வரைபடம் போல் என்னால் காண முடிந்தது என்பதே எனக்கு வேதனையாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை மூளையின் கீழ்ப்பகுதி உணர்கிறது. பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச் ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. கீமோதெரபியில் அழியாமல் உறங்கிக்கிடந்த சினைப்பை நுண்ணறைகளின் செல்களில் அது பொருந்தி, சுழற்சி ஏஎம்பியை உயர்த்தி, தொடக்கப்பகுதி 2-ஐத் திறக்கிறது. மருந்து தடுக்கும் அளவைவிட விரைவாகப் புதிய நொதி பிறக்கிறது. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டை வெளியேறத் தூண்டுவதற்கு லெட்ரோசோலைப் பயன்படுத்துவதும் இதே எதிர்வினையை நம்பித்தான்.

கட்டியைச் சுற்றியுள்ள திசுவில் நடப்பதும் சினைப்பையில் நடப்பதும் ஏறக்குறைய ஒரே பாதை என்பதைக் கவனியுங்கள். அங்கே எஃப்எஸ்எச், இங்கே புரோஸ்டாகிளாண்டின் ஈ2. நடுவில் இரண்டிலும் சுழற்சி ஏஎம்பி. முடிவில் இரண்டிலும் தொடக்கப்பகுதி 2. சினைப்பையில் துணைநிற்கும் காரணிப் புரதம் எஸ்எஃப்-1, கொழுப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்டில் அதன் உறவான எல்ஆர்எச்-1 என்பதுதான் வேறுபாடு. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அரோமடேஸ் தடுப்பானைத் தனியாகக் கொடுக்காமல், கோசரெலின் போன்ற ஊசியால் சினைப்பையையும் அடக்க வேண்டும் என்ற விதி இந்த ஒழுங்குமுறையிலிருந்தே பிறக்கிறது. கீமோதெரபிக்குப்பின் மாதவிடாய் நின்றதை மட்டும் வைத்துச் சினைப்பை ஓய்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

10 பிப்ரவரி

எடின்பரோ ஆய்வை நினைவூட்டிய நண்பருக்கு: ஆம், 1988-இல் அவர்கள் மார்பகத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து அளந்தபோது, கட்டி இருந்த பகுதியின் கொழுப்பில் அரோமடேஸ் செயல்பாடு மிகுந்திருந்தது. கட்டிதான் அண்டைத் திசுவைத் தூண்டுகிறது என்பதற்கு அதை நானும் பல ஆண்டுகள் சான்றாகச் சொல்லிவந்தேன். ஆனால் நோயற்ற மார்பகங்களிலேயே ஃபைப்ரோபிளாஸ்டுகள் எங்கே நெருக்கமோ அங்கே அரோமடேஸ் செய்தியும் மிகுதி. கட்டிகள் அதிகம் தோன்றும் வெளிப்புறப் பகுதிகளில் அவை நெருக்கம். கட்டி வந்ததால் நொதி மிகுந்ததா, நொதி மிகுந்த இடத்தில் கட்டி வளர்ந்ததா என்பதை அந்த அளவீடு மட்டும் பிரித்துக் காட்டாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதே இப்போது என் நிலை.

14 பிப்ரவரி

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது, புற்றுச் செல்லைக் கையேந்தி நிற்கும் ஒன்றாக மட்டும் காட்டிவிட்டேன் என்று தோன்றுகிறது. அது சரியன்று. அரோமடேஸ் விஷயத்தில் அண்டைச் செல்லின் பங்கு பெரிது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கதையில் அரோமடேஸ் ஒரு நொதி மட்டுமே.

மாதவிடாய் நின்ற பெண்ணின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் ஈஸ்ட்ரோன் சல்ஃபேட் என்ற உறங்கும் வடிவத்தில் சுற்றுகிறது. சல்ஃபேட்டைக் கழற்றி அதை எழுப்புவது ஸ்டீராய்டு சல்ஃபடேஸ். மீண்டும் பூட்டி உறங்கவைப்பது ஈஸ்ட்ரோஜன் சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ். மார்பகப் புற்றுத் திசுவில் கழற்றும் நொதியின் செயல்பாடு அரோமடேஸைக் காட்டிலும் பல மடங்கு மிகுதி என்பது 1980களிலேயே அளக்கப்பட்டது; பூட்டும் நொதியோ பல புற்றுச் செல்களில் குன்றிவிடுகிறது. அடுத்த படி, வலுக்குறைந்த ஈஸ்ட்ரோனை வலுமிக்க ஈஸ்ட்ரடையாலாக மாற்றுவது. அதைச் செய்வது 17-பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸின் முதல் வகை. இரண்டாம் வகை எதிர்த்திசையில் ஈஸ்ட்ரடையாலைச் செயலிழக்கச் செய்கிறது. முதல் வகை மிகுந்தும் இரண்டாம் வகை குறைந்தும் இருக்கும் கட்டிகள் நோயாளிக்கு நல்லதைச் செய்வதில்லை. இந்த நொதிகள் புற்றுச் செல்லுக்குள்ளேயே இருப்பவை. டி-47டி என்ற மார்பகப் புற்றுச் செல்களில் முதல் வகையை நானே அளந்திருக்கிறேன்; ஈஸ்ட்ரோனைக் கொடுத்தால் அவை தயக்கமின்றி ஈஸ்ட்ரடையாலாக மாற்றிவிடும்.

மாதவிடாய் நின்றவர்களின் மார்பகத் திசுவில் ஈஸ்ட்ரடையால் இரத்தத்தைவிட 10 முதல் 20 மடங்கு வரை மிகுந்திருப்பதை இந்த முழு அணியையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும். இன்னொன்றும் உண்டு: அட்ரீனல் சுரப்பி தரும் டிஎச்இஏ என்ற ஹார்மோனிலிருந்து உருவாகும் ஆண்ட்ரோஸ்டீன்டையால், அரோமடேஸின் தயவு இல்லாமலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டக்கூடியது. அரோமடேஸை முழுதாக அடைத்தாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

17 பிப்ரவரி

மரபணு படியெடுக்கப்பட்ட பிறகும் ஒழுங்குமுறை நின்றுவிடுவதில்லை. ஈஸ்ட்ரடையால், பாஸ்பேட் ஏற்றும் நொதியான சி-எஸ்ஆர்சி கைனேஸைத் தூண்டி, அரோமடேஸ் புரதத்தின் 361ஆம் டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. புதிய புரதம் உருவாகும் முன்பே, சில நிமிடங்களில் நொதியின் வேகம் கூடுகிறது. விளைபொருளே தன் உற்பத்தியை விரைவுபடுத்தும் சுழல் இது. பிடிபி1பி என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை அகற்றுகிறது.

தடுப்பான்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. எக்செமெஸ்டேன் நொதியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதோடு, அந்தப் புரதம் விரைந்து சிதைக்கப்படவும் காரணமாகிறது. லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் நொதியின் இரும்பு மையத்தில் அமர்ந்து வேலையை நிறுத்துகின்றன. புரதம் அங்கேயே இருக்கிறது. மருந்து உட்கொள்ளும் நோயாளியின் திசுவில் நொதிப் புரதத்தின் அளவை மட்டும் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடக் கூடாது.

22 பிப்ரவரி

உடல் பருமன் பற்றிக் கேட்டவருக்கு. பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் இறக்கும் கொழுப்புச் செல்லைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கிரீடம் போல் சூழ்கின்றன. அங்கிருந்து எழும் அழற்சிச் செய்திகளும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2-உம் பக்கத்துச் செல்களில் அரோமடேஸை உயர்த்துகின்றன. கட்டி வருவதற்கு முன்பே, கட்டி செய்யும் அதே வேலையை அழற்சி செய்யத் தொடங்கிவிடுகிறது. இதில் ஆற்றலை உணரும் ஏஎம்பிகே என்ற நொதி தடையாக நிற்கிறது: சிஆர்இபி-க்குத் துணையான சிஆர்டிசி2 புரதத்தை அது உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் இந்தத் தடையைத் தளர்த்துகிறது, நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் வலுப்படுத்துகிறது. பிஆர்சிஏ1 புரதமும் தொடக்கப்பகுதி 2-ஐ அடக்கிவைப்பவற்றுள் ஒன்று.

இதைப் படித்தவுடன் மெட்ஃபார்மின் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்க வேண்டாம். தட்டில் ஃபைப்ரோபிளாஸ்டுகளில் அரோமடேஸ் குறைந்ததைப் பார்த்து நானும் ஒருகாலத்தில் மிகவும் நம்பினேன். நீரிழிவு இல்லாத மார்பகப் புற்று நோயாளிகள் 3,649 பேர் கலந்துகொண்ட எம்ஏ.32 சோதனையின் முடிவு 2022-இல் வந்தது; மெட்ஃபார்மின் நோய் திரும்புவதைக் குறைக்கவில்லை. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் செலிகாக்சிபைக் கொடுத்துப் பார்த்த ரியாக்ட் சோதனையும் பயன் காட்டவில்லை. வாயிலைத் தேர்ந்து மூடும் மருந்து கிடைத்தால், எலும்பிலும் மூளையிலும் தேவையான ஈஸ்ட்ரோஜனைத் தொடாமல் மார்பகத்தில் மட்டும் நிறுத்தலாம் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. இன்றைய தடுப்பான்கள் உடல் முழுவதும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதை சுமார் 97 சதவீதமோ அதற்கும் மேலோ நிறுத்துபவை. மூட்டுவலியும் எலும்புத் தேய்வும் அதற்கான விலை. அந்த வலியோடு படியேறுகிறவர்களைப் பார்த்தபின் இந்த ஆசையை விட முடியவில்லை.

1 மார்ச்

முதல் கேள்வியைக் கேட்டவர் முழுவதும் பிழைபட்டவர் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரோமடேஸ் தடுப்பான் பெற்று, நோய் பரவித் திரும்பியவர்களின் கட்டிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரில் சிஒய்பி19ஏ1 மரபணுவின் படிகள் புற்றுச் செல்லுக்குள்ளேயே பெருகியிருந்தன என்று 2017-இல் வெளியானது. அண்டைச் செல்லிடமிருந்து பெற முடியாத நெருக்கடியில், அதுவரை கேட்டுப் பெற்ற செல் தானே சமைக்கக் கற்றுக்கொள்கிறது. ஆகவே உங்கள் படம் நோயின் தொடக்கத்துக்குப் பொருந்தாது. மருந்தின் அழுத்தத்துக்குப் பிந்தைய ஒரு கட்டத்துக்குப் பொருந்தலாம். இன்னும் பலரில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவிலேயே பிறழ்வு ஏற்பட்டு, ஹார்மோன் இல்லாமலேயே ஏற்பி இயங்கத் தொடங்குகிறது. அந்த நிலையில் எந்த நொதியை அடைத்தும் பயனில்லை. ஏற்பியையே சிதைக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் போன்ற மருந்துகளின் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

4 மார்ச்

கடைசியாக வந்த கேள்வி: கட்டியில் அரோமடேஸ் எவ்வளவு என்று அளந்து மருந்தை முடிவுசெய்யலாமே? வழக்கமான சிகிச்சையில் அப்படிச் செய்வதில்லை. எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றும்போது, சிலர் நொதியைப் புற்றுச் செல்லிலும் சிலர் சுற்றுத் திசுவிலும் கண்டார்கள். எந்த எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. இந்த இழையின் தலைப்புக் கேள்வி இத்தனை ஆண்டுகள் இழுத்துக்கொண்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மருந்தைத் தீர்மானிக்க ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

தோழியைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: அவருக்கு கோசரெலின் ஊசி தொடங்கினார்கள். இரத்தத்தில் ஈஸ்ட்ரடையாலை, குறைந்த அளவுகளில் ஏமாற்றும் வழக்கமான எதிர்ப்பொருள் முறையில் அளக்காமல், நிறை நிறமாலை முறையில் அளக்கச் சொல்லி நான் வற்புறுத்தினேன். முதல் அளவீடு உயர்ந்திருந்தது. ஊசி தொடங்கி இரண்டு மாதம் கழித்து எடுத்த அளவீடு, மாதவிடாய் நின்றவர்களுக்கு உரிய எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த அளவீடு மூன்று மாதம் கழித்து.